கம்பி வேலியில் கிளெமாட்டிஸ்

அந்தச் செடி என் கைக்கு வந்தது ஒரு மே மாதம், நான் திரும்ப வேலைக்குப் போன முதல் கிழமையில். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. செயின்ட்-மிஷேலில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டிலிருந்து நாலு பஸ் தரிப்புத் தள்ளி ஒரு கார்டெரி, குழந்தைகள் காப்பகம், இருந்தது. அதன் சமையலறையில் எனக்கு உதவியாள் வேலை. தலைமைச் சமையல்காரி ஹெயிட்டி நாட்டவள். ஐம்பது வயதிருக்கும். சத்தமாகச் சிரிப்பவள், சத்தமாகத் திட்டுபவள். அன்று அவள் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. பின்கதவருகே என்னைக் கூப்பிட்டு, பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பிளாஸ்டிக் சாடியைக் கையில் தந்தாள்.

“என்ன வாங்கித் தருவதென்று எனக்குத் தெரியவில்லை,” என்று பிரெஞ்சில் சொன்னாள். “இது குளிர்காலத்தைத் தாங்கும் என்று சந்தைக்காரன் சொன்னான். அதனால் வாங்கினேன்.”

நான் மெர்சி சொன்னேன். மூங்கில் குச்சியோடு கட்டிய இரண்டு மெல்லிய தண்டுகள், பத்துப் பன்னிரண்டு இலைகள், ஊதாப் பூவின் படம் போட்ட ஒரு சீட்டு. அதைக் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய் அப்பிள் தோல் சீவினேன். இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அப்பிளைத் தோலில்லாமல், தொண்டையில் அடைக்காதபடி மெல்லிய துண்டுகளாக வெட்ட வேண்டும். அந்தக் கிழமை முழுவதும் அதைத்தான் செய்தேன். பக்கத்து அறையில் பிள்ளைகள் அழுதார்கள், பாடினார்கள். அது என்னை ஒன்றும் செய்யவில்லை. எல்லோரும் என்னை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் தெரிந்தது.

நடந்தது பெப்ரவரியில். எனக்கு எட்டாம் மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது, முதல் நாள் முழுவதும் பிள்ளை அசையவில்லை என்பது நினைவுக்கு வந்தது. வேலைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு பெண் டாக்டர் வயிற்றில் கருவியை வைத்து அங்குமிங்கும் நகர்த்தினாள். பிறகு திரையை என் பக்கத்திலிருந்து மெதுவாக அந்தப் பக்கம் திருப்பினாள். அவள் வாய் திறக்க முன்னமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த நாள் பிற்பகல் பெற்றேன். பெண் பிள்ளை. தாதி வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, தூக்கிப் பார்க்க விருப்பமா என்று கேட்டாள். நான் இல்லையென்று தலையாட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். கை கழுவும் முறையை விளக்கி அந்தச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. எனக்குப் பின்னால் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. என் கணவர் பிள்ளையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் வைத்திருந்தார் என்று தெரியாது. முதலில் உள்ளங்கை, பிறகு விரலிடுக்கு, பிறகு பெருவிரல் என்று அந்தப் படத்தை நான் பாடமாக்கிக்கொண்டிருந்தேன்.

அடக்கத்தை ஆஸ்பத்திரியே பொறுப்பெடுக்கும், நீங்கள் விரும்பினால் ஒப்பமிடலாம் என்று ஒரு கடதாசி கொண்டுவந்தார்கள். அவர் ஒப்பமிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது சின்ன அறை வெறுமையாக இருந்தது. மச்சாள், என் கணவரின் அக்கா, லொங்குய்யிலிருந்து வந்து தொட்டிலையும் துணிகளையும் பால்போத்தல்களையும் தன் காரில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார். தொட்டில் நின்ற இடத்தில் அயன் மேசையை விரித்து வைத்திருந்தார். “கண்ணில படாமல் இருந்தால் கெதியா மறந்திடுவாய், பிள்ளை,” என்று தொலைபேசியில் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். மூன்றாம் நாள் எனக்குப் பால் வந்தது. அது வரும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஒரு பழைய சேலையைக் கிழித்து மார்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு அந்த மேசையில் அவருடைய சேட்டுகளை அயன் பண்ணினேன்.

நான் அழவில்லை. அழுகை வரும் என்று சில நாட்கள் காத்திருந்தேன். பிறகு காத்திருப்பதையும் மறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் எங்கள் ஆட்கள் என்னிடம் குளிரைப் பற்றிக் கதைத்தார்கள், பஸ் வேலைநிறுத்தத்தைப் பற்றிக் கதைத்தார்கள். கர்ப்பமாக இருந்த ஒரு பெண் என்னைக் கண்டதும் மேலங்கியை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். வீட்டில் நானும் அவரும் சோறு போதுமா, கறிக்கு உப்புக் காணுமா என்பதைத் தாண்டி ஒன்றும் கதைக்கவில்லை. அவர் பாண் சுடும் ஒரு தொழிற்சாலையில், சுட்ட ரொட்டிகளை அடுக்கும் பகுதியில் வேலை செய்தார். விடிய முன்னம் போவார், பிற்பகலில் வருவார், குளிப்பார், படுப்பார்.

செடியைச் சாடியிலேயே வைத்திருந்தால் அது செத்துவிடும். அப்படி விட்டிருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் சமையல்காரி ஒவ்வொரு நாளும், “நட்டுவிட்டாயா?” என்று கேட்டாள். பதில் சொல்லும் வேலையை முடிக்க வேண்டும் என்பதற்காகவே மேல் மாடிக்குப் போய் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் வயதான இத்தாலியர். பின்வளவு முழுவதும் அவருடைய தக்காளியும் ஒரு அத்திமரமும்தான். அத்திமரத்தை அவர் ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் வளைத்து மண்ணுக்குள் புதைத்து, வசந்தத்தில் தோண்டி நிமிர்த்துவார். சீட்டிலிருந்த படத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

“சாப்பிட ஏதாவது காய்க்குமா?”

“இல்லை.”

“ஒன்றுமே இல்லையா?”

“பூ மட்டும்.”

தோளைக் குலுக்கினார். வளவுக்குப் பின்னால் ஓடும் சின்ன ஒழுங்கையை ஒட்டிய கம்பி வலை வேலியைக் கையால் காட்டினார். “அங்கே வை. என் தக்காளிக்கு நிழல் விழக்கூடாது.”

நூலகத்திலிருந்து ஒரு பிரெஞ்சுப் புத்தகம் எடுத்து, அகராதியையும் வைத்துக்கொண்டு படித்தேன். கிளெமாட்டிஸை மற்றச் செடிகளைப் போல மண்மட்டத்துக்கு நடக்கூடாது. தண்டின் முதல் இரண்டு கணுக்களும் மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நட வேண்டும். மேலே என்ன நடந்தாலும் மண்ணுக்குள் இருக்கும் கணுவிலிருந்து மறுபடி துளிர்க்கும் என்று எழுதியிருந்தது. கொடிக்கு வெயில் வேண்டும், வேருக்குக் குளிர்ச்சி வேண்டும். முழங்கை ஆழத்துக்குக் கிடங்கு வெட்டி, உக்கிய இலைமண் போட்டு, சாடியிலிருந்து கழற்றிய செடியைச் சற்றுச் சாய்த்து வைத்து மூடினேன். வீட்டுக்காரர் நடைபாதை திருத்தியபோது மிஞ்சிய இரண்டு தட்டைக் கற்களை அதன் அடியில் நிழலுக்குப் பரப்பினேன். பிறகு ஒவ்வொரு பின்னேரமும் ஒரு வாளித் தண்ணீர். குப்பைப் பையை வெளியே வைப்பதைப் போல, பஸ் அட்டை வாங்குவதைப் போல, அதுவும் ஒரு வேலை.

முதல் வருடம் அது பூக்கவில்லை. இடுப்பளவுக்கு வளர்ந்தது, அவ்வளவுதான். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பாகல் கொடியில் இருப்பதுபோலப் பற்றுவதற்குத் தனியான சுருள் அதற்கு இல்லை. இலைக்காம்புதான் கம்பியைச் சுற்றுகிறது. காலையில் கம்பியைத் தொட்டபடி இருந்த காம்பு நான் வேலையால் வரும்போது ஒரு சுற்றுச் சுற்றியிருக்கும். அடுத்த நாள் இறுகியிருக்கும். தடித்த மரக்கட்டை என்றால் அதால் சுற்ற ஏலாது. அந்த மெல்லிய கம்பி வேலி அதற்குச் சரியாகப் பொருந்தியது. நான் வாளியோடு நின்று அதைப் பார்ப்பேன். சந்தோசம் என்று சொல்ல முடியாது. வேறு எதையும் நினைக்காமல் பார்க்கக்கூடிய ஒன்றாக அது இருந்தது.

குளிர்காலத்தில் வேலி பாதிக்கு மேல் பனிக்குள் புதைந்தது. ஏப்ரலில் பனி கரைந்து இறங்கியபோது தெரிந்தது வெறும் மண்ணிறச் சுள்ளிகள். விரல் பட்டாலே முறிந்தன. சமையல்காரியிடம் செத்துவிட்டது என்று சொல்லியும் விட்டேன். ஆனால் கிளெமாட்டிஸில் மூன்று வகை உண்டு, ஒவ்வொன்றையும் வெட்டும் காலம் வேறு என்று புத்தகம் சொன்னது. பழைய தண்டில் பூப்பதை வெட்டினால் அந்த வருடப் பூ போய்விடும். என்னுடையது புதுத் தண்டில் பூக்கும் வகை. அதை வசந்தத்தின் தொடக்கத்திலேயே முழங்காலுக்குக் கீழே, கொழுத்த அரும்புக்குச் சற்று மேலே வெட்டிவிட வேண்டும். குனிந்து தேடினேன். அடியில், சாம்பல் பட்டைக்கு நடுவே, அரிசி அளவில் இரண்டு பச்சை அரும்புகள் இருந்தன. மேலே இருந்த அத்தனையையும் வெட்டினேன். மேல்மாடி பல்கனியில் நின்ற வீட்டுக்காரர் தலையில் கை வைத்து ஏதோ இத்தாலிய மொழியில் கத்தினார். அதன் சாறு பட்டு அன்று முழுவதும் கை அரித்தது.

அந்த வருடம் ஆறு தண்டுகள் வந்தன. ஜூலையில் பூத்தது. கரும் ஊதா, நாலே நாலு இதழ், என் உள்ளங்கையளவு. ஒன்றைப் பறித்துத் தயிர்க் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு வைத்து வேலைக்குக் கொண்டுபோனேன். சமையல்காரி அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் கைகழுவும் தொட்டிக்கு மேலே, எல்லோருக்கும் தெரியும்படி வைத்தாள். அவள் கண் கலங்கியது. என் கண்தான் கலங்க வேண்டியது என்று எனக்குப் பட்டது. நான் பருப்பைக் கழுவி அடுப்பில் ஏற்றினேன்.

என் கணவர் அந்தப் பூக்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் பார்க்கவே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

மூன்றாம் வருடம் ஜூனில் வேலி நிறைந்துவிட்டது. என் தலைக்கு மேலே எழும்பி, மற்றப் பக்கம் ஒழுங்கைக்குள்ளும் தொங்கியது. எண்ணிப் பார்க்க முடியாத அளவு மொட்டு. கூராக, முனை சற்று ஊதா தெரிய நின்றன. அந்த வருடம் வீட்டுக்காரருக்கு இடுப்பு வருத்தம். வேலி ஓரப் புல் முழங்காலளவு வளர்ந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபின் அவர் என் கணவரிடம் தன்னுடைய ட்ரிம்மரைக் கொடுத்து உதவி கேட்டார். முனையில் நைலோன் நூல் சுழன்று புல்லை அறுக்குமே, அந்த மெஷின். நான் உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மெஷின் சத்தம் கேட்டது. பிறகு திடீரென்று நின்றது. பிறகு பின்கதவு திறந்தது.

“இஞ்சரும், ஒருக்கா வெளியில வாரும்.”

“என்ன?”

“வாருமன்.”

கையைத் துடைத்துக்கொண்டு போனேன். பார்த்தவுடன் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வேலியில் கொடி பச்சையாகத்தான் நின்றது. அவர் கீழே காட்டினார். தட்டைக் கற்களுக்குச் சற்று மேலே அத்தனை தண்டும் அறுந்திருந்தன. வெட்டுவாயில் ஈரம் தெரிந்தது.

“நான் பாக்கேல்லை. புல்லுக்குள்ள மறைஞ்சு நிண்டது. கல்லில தட்டி மெஷின் வழுக்கிப் போச்சுது.”

“ஓம்.”

“எல்லாம் அறுந்து போச்சு.”

“பறவாயில்லை. வேர் கிடக்குத்தானே. பேந்து வரும்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். “பறவாயில்லையோ? ரெண்டு மூண்டு வருசமா ஒவ்வொரு நாளும் தண்ணி விட்டனீர். இண்டைக்கோ நாளைக்கோ பூக்க நிண்டது. நீர் பறவாயில்லை எண்டுறீர்.”

“என்ன செய்யச் சொல்லுறியள்?”

“எனக்கு ஏசும். எதையாவது எடுத்து எறியும். இப்பிடி மரம் மாதிரி நிக்காதையும்.”

எனக்கும் ஏச வேண்டும் போல இருந்தால் நல்லது என்று தோன்றியது. தேடிப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இருக்கவில்லை. மீன் வெயிலில் இல்லை, குசினி மேசையில்தான் இருக்கிறது, ஆனாலும் மூடாமல் வந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அவர் வெட்டிய புல்லின் மேல் அப்படியே உட்கார்ந்தார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். கலியாணம் கட்டி ஏழு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஊரிலிருந்து வந்த தன் தாயின் செத்தவீட்டு வீடியோவைப் பார்த்தபோதுகூட அவர் அழவில்லை. காலுறையில் புல் ஒட்டியிருந்தது. தோள் குலுங்கியது.

“நீர் அவளைத் தூக்கேல்லை,” என்றார் கைக்குள்ளிருந்து. “அது பிழையெண்டு சொல்லேல்லை. ஆனா எப்பிடி இருந்தவள் எண்டு ஒரு நாளாவது என்னட்டைக் கேட்டனீரோ? ஒரு நாள்?”

மேல்மாடியில் வீட்டுக்காரர் பல்கனிக்கு வந்தார். எங்களைக் கண்டார். உள்ளே போய்க் கதவை மெதுவாகச் சாத்தினார்.

“வெயிலுக்குள்ள இருக்காதையுங்கோ,” என்றேன். “உள்ள வாங்கோ.”

அவர் வரவில்லை. நான் உள்ளே போய் மீனைக் கழுவி முடித்தேன்.

பின்னேரத்துக்குள் கொடி வாடிவிட்டது. முதலில் நுனிகள் தொங்கின, பிறகு மொட்டுகள் கழுத்து மடிந்தன. நாலைந்து நாளில் இலைகள் கறுத்துச் சுருண்டன. நான் வழக்கம்போல அடிக்கட்டைக்குத் தண்ணீர் ஊற்றினேன். காய்ந்த கொடி வேலியில் அப்படியே கிடந்தது. புதிதாக வரும் தண்டுக்கு இடம் விட வேண்டும் என்றால் பழையதைக் கழற்ற வேண்டும். அது இலேசான வேலையல்ல. இழுத்தால் வராது. ஒவ்வொரு இலைக்காம்பும் கம்பியைச் சுற்றிக் கயிறுபோல இறுகிக் காய்ந்திருந்தது. ஒவ்வொன்றாகக் கத்தரிக்க வேண்டும்.

இரண்டு கிழமை கழிந்து ஒரு பின்னேரம் தொடங்கினேன். அவர் குளித்துவிட்டு வந்து கொஞ்சநேரம் படியில் நின்று பார்த்தார். பிறகு குசினிக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு சுற்றிப் போய், ஒழுங்கைப் பக்கம் வேலிக்கு அப்பால் குந்தினார்.

“சுத்தின முடிச்செல்லாம் இந்தப் பக்கம்தான் கிடக்குது. நான் வெட்டுறன். நீர் அங்கால இழுவும்.”

அவர் வெட்டினார், நான் இழுத்தேன். சிலவேளை நான் வெட்டினேன், அவர் இழுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நாங்கள் கதைத்தது இன்னும் குறைந்துபோயிருந்தது. ஒழுங்கைக்குள் பிள்ளைகள் ஹொக்கி விளையாடினார்கள். ஒரு கார் வந்தால் கத்தி ஒதுங்குவார்கள், பிறகு திரும்ப விளையாடுவார்கள். வேலியின் சதுரக் கண்களுக்குள்ளால் அவருடைய கை தெரிந்தது, முகம் இலைச்சருகுக்குப் பின்னால் மறைந்திருந்தது. அது வசதியாக இருந்தது. முகம் தெரிந்திருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன்.

“முடி இருந்ததோ?” என்றேன்.

அவருடைய கத்தரிக்கோல் நின்றது.

“ஓம். நிறைய. கறுப்பு. நெத்தியில ஈரமா ஒட்டிக்கொண்டு கிடந்தது.”

“கண்?”

“மூடியிருந்தது.”

நான் ஒரு தண்டை இழுத்தேன். அது வரவில்லை. அவர் இன்னொரு முடிச்சைத் தேடி வெட்டினார். வந்தது.

“ஆரை மாதிரி?”

“மூக்கு எங்கட அக்காவின்ர. காது உம்மட. கன்னத்தோட கீழ்ச்சோணை ஒட்டின காது.” கத்தரிக்கோலை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்: “விரல் நல்ல நீளம். நகம் வளந்திருந்தது. வெட்ட வேணும் எண்டு நினைச்சனான். அந்த நேரத்திலயும் அதைத்தான் நினைச்சனான். நகம் வெட்ட வேணும், கீறிப்போடும் எண்டு.”

“பாரமோ?”

“இல்லை. எங்கட பெரிய பாண் ரெண்டு வரும். அவ்வளவுதான்.” பிறகு சொன்னார், “இப்பவும் அடுக்கேக்க ரெண்டு பாணைச் சேத்துத் தூக்கினால்…” அவர் அடுத்த முடிச்சை வெட்டினார்.

நான் கேட்டுக்கொண்டே வேலை செய்தேன். யாரோ தெரிந்தவர்களுடைய பிள்ளையைப் பற்றிச் சொல்வதைப் போலத்தான் இருந்தது. முடி, மூக்கு, காது, நகம். ஒவ்வொன்றும் காதில் விழுந்தது, ஒவ்வொன்றும் விளங்கியது. கை மட்டும் எப்போது என்று தெரியாமல் நின்றுவிட்டிருந்தது. நான் கையுறையைக் கழற்றி என் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சனிக்கிழமையளில நான் அங்க போறனான்,” என்றார்.

“எங்க?”

“அவளை வைச்ச இடத்துக்கு. வேலை முடிஞ்சு அப்பிடியே பஸ் எடுத்துப் போய் கொஞ்சநேரம் நிண்டிட்டு வருவன்.”

இரண்டு வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் இரண்டு மணித்தியாலம் பிந்தி வந்திருக்கிறார். நான் கவனிக்கவில்லை. கோபித்துக்கொண்டு கேட்காமல் விட்டதல்ல, உண்மையிலேயே கவனிக்கவில்லை. அதைக் கேட்டபோதுதான், நான் எவ்வளவு தூரம் போயிருந்தேன் என்று முதன்முதலாக ஒரு பயம் வந்தது. சின்னப் பயம்தான். ஆனால் அது பயம் என்று தெரிந்தது.

“ஒரு நாளைக்கு வாறீரோ?”

“இப்ப வேண்டாம்.”

“சரி.”

இருள முன்னம் பாதி வேலிதான் வெறுமையானது. மிச்சத்தை அடுத்த நாள் பின்னேரம் செய்தோம். அன்று அவர் தாதி சொன்னதைச் சொன்னார், வெள்ளைத் துணியின் ஓரத்தில் மஞ்சள் தையல் இருந்ததைச் சொன்னார். நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார், கேட்காததை அவராகச் சொல்லவில்லை. சருகையெல்லாம் கடதாசிப் பைக்குள் அமத்தி வீதியோரம் வைத்தோம்.

ஜூலை நடுவில் கற்களுக்கு இடையில் மூன்று முளை வந்தது. மண்ணுக்குள் இருந்த கணுவிலிருந்து வந்தவை. சிவப்பும் பச்சையும் கலந்த, பென்சில் முனை போன்ற முளைகள். வீட்டுக்காரர் தடியை ஊன்றிக்கொண்டு வந்து குனிந்து பார்த்துவிட்டு, தக்காளிக்கு வாங்கிய உரத்தில் ஒரு பிடி போட்டார். என் கணவர் மூன்று முளையைச் சுற்றியும் கோழிவலைக் கம்பியை வளைத்துக் கட்டினார். அந்தக் கம்பிக்கு ஒரு முழத் தூரத்துக்குள் எந்த மெஷினையும் பிறகு அவர் கொண்டுபோனதில்லை. புல்லைக் கையால் பிடுங்கினார். செப்டெம்பர் கடைசியில் நாலு பூ பூத்தது. சின்னது, நிறமும் மங்கல். ஒன்று பாதி விரிந்தபடியே உறைபனியில் கருகிப்போனது.

நாங்கள் அதற்குப் பிறகும் சில வருடங்கள் அந்த வீட்டில் இருந்தோம், பிறகு அஹுன்ட்சிக் பகுதிக்குக் குடிபோனோம். எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை. வயது வந்த கிளெமாட்டிஸைத் தோண்டினால் பெரும்பாலும் பிழைக்காது. அதனால் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

அந்த இடத்துக்கு நான் போனது கொடி அறுந்ததற்கு அடுத்த மே மாதம். ஏன் அந்தச் சனிக்கிழமை என்று சொல்லத் தெரியவில்லை. விடியற்காலையில் அவர் சப்பாத்துப் போடும்போது, “இண்டைக்கு நானும் வாறன். வேலை முடிய எங்க வந்து நிக்க?” என்று கேட்டேன். அவர் பஸ் தரிப்பைச் சொன்னார்.

கல்லறைத்தோட்டத்தின் ஒரு மூலையில் அது ஒரு சின்னப் புல்வெளி. தனித்தனிக் கல் இல்லை, எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு கல். யாரோ காற்றாடி நட்டிருந்தார்கள். ஒரு துணி முயல் மழையில் நனைந்து காய்ந்து நிறம் போயிருந்தது. எந்த இடத்தில் என்று கேட்டேன். சரியாகத் தெரியாது, அந்த மேப்பிள் மரத்துப் பக்கம் என்று நினைக்கிறேன், அங்கேதான் நிற்பேன் என்றார். அங்கே போய் நின்றோம். மனம் இளகியது என்று எழுத எனக்கு விருப்பம்தான். இளகவில்லை. நிலம் ஈரம், கால் குளிர்ந்தது. பத்து நிமிடம் போல நின்றோம். அவர் சிலுவை போட்டார், நானும் போட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் பின்னாலிருந்த இரட்டை இருக்கையில் இருந்தோம். ஆஸ்பத்திரிக் கடதாசியில் பிள்ளையின் பெயர் எழுதும் இடத்தில் “பெண்” என்றும் அவருடைய குடும்பப் பெயரும் மட்டும்தான் இருக்கிறது என்று அவர் சொன்னார். பிறக்கும் வரை பெயர் வைக்கக்கூடாது என்று நாங்கள் இருவரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

“நீர் ஏதும் நினைச்சு வைச்சிருந்தனீரோ?” என்று கேட்டார்.

இருந்தது. யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். சொன்னேன்.

அவர் முகத்தைச் சுளித்தார். “அது எங்கட பெரியம்மாவின்ர பேரெல்லே.”

“அதுக்கென்ன?”

“அவ ஊர் முழுக்கச் சண்டை பிடிச்சவ. அந்தப் பேரை என்ர பிள்ளைக்கு வைக்கேலாது.”

“உங்கட பெரியம்மாவுக்காக நான் பேரை விடுறதோ? நீங்கள் என்ன நினைச்சு வைச்சிருந்தனீங்கள்?”

அவர் ஒரு பெயரைச் சொன்னார். நீளமான பெயர்.

“ஐயோ, அது இஞ்ச ஒரு ரீச்சருக்கும் வாயில வராது. பிரெஞ்சுக்காரர் ரெண்டாக் கொத்திப் போடுவினம்.”

“பழகுவினம்.”

“பிள்ளையெல்லோ பள்ளிக்கூடத்தில நாள் முழுக்கத் திருத்திக்கொண்டிருக்க வேணும்.”

“உம்மடை மட்டும் சுகமோ? அந்த ‘ழ’வை ஆர் சொல்லுறது?”

முன் இருக்கையில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். என் குரல் உயர்ந்திருந்தது. எனக்குக் கன்னம் சுட்டது. பஸ்ஸால் இறங்கி, டெப்பனேர் என்ற மூலைக்கடையில் பால் வாங்கி, எங்கள் வீதிக்குத் திரும்பும் வரை விடவில்லை. அவர் அக்காவை இழுத்தார், நான் என் தாயை இழுத்தேன். வாசலில் சாவியைக் கதவில் வைத்தபடி அவர் திரும்பினார்.

“சரி, ரெண்டையும் வைப்பம். ஆனா என்ரதுதான் முன்னுக்கு.”

“ஏலாது,” என்றேன்.